20 வெள்ளிக்கும் 35 வெள்ளிக்கும் நடுவே ஒரு மால்பெக்

(சிங்கப்பூரில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்டுப்படியாகிற விலையில் நல்ல மால்பெக் ஒயின் வாங்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். மால்பெக் திராட்சையில் தொடங்கலாமா, அது இன்று அதிகம் விளைகிற அர்ஜென்டினாவில் தொடங்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். சுங்கத் தீர்வையில் தொடங்குவதுதான் நியாயம் என்று பட்டது. இந்த ஊரில் ஒரு போத்தல் கட்டுப்படியாகுமா ஆகாதா என்பதைத் தோட்டக்காரருக்கு முன்பே தீர்மானித்துவிடுவது அதுதான். கடையில் நிற்கும்போது இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். குடிக்காத நண்பர்களும் சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் இந்தக் கணக்கு பிடிக்கும். விருந்துக்குப் போகும்போது கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டியிருக்கும் அல்லவா?

சிங்கப்பூரில் ஒயினுக்குத் தீர்வை அதன் விலையைப் பார்த்துப் போடப்படுவதில்லை. உள்ளே எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ அதை அளந்து போடுகிறார்கள். ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வழக்கமான போத்தல் 750 மில்லிலிட்டர். மால்பெக்கில் ஆல்கஹால் பெரும்பாலும் 13.5 முதல் 14.5 சதவீதம் வரை இருக்கும். நடுவில் 14 என்று எடுத்துக்கொண்டால், போத்தலுக்குள் 105 மில்லிலிட்டர் ஆல்கஹால். அதற்குத் தீர்வை 9 வெள்ளி 24 காசு. எல்லாவற்றுக்கும் மேலே 9 சதவீதம் பொருள் சேவை வரி.

இப்போது பேரங்காடியில் 20 வெள்ளிக்கு ஒரு மால்பெக்கை எடுக்கிறீர்கள். பொருள் சேவை வரி 1 வெள்ளி 65 காசு போகிறது. தீர்வை 9 வெள்ளி 24 காசு போகிறது. மிஞ்சுவது 9 வெள்ளிச் சொச்சம். அந்த ஒன்பதில்தான் கடைக்காரர் லாபம், இறக்குமதியாளர் லாபம், கிடங்கு வாடகை, பூமிப்பந்தின் மறுபக்கத்திலிருந்து வந்த கப்பல் கூலி, கண்ணாடிப் போத்தல், மூடி, சீட்டு, அட்டைப்பெட்டி எல்லாம் அடக்கம். இவ்வளவும் போக ஒயினுக்கு என்று என்ன இருக்கும்? சில்லறைதான்.

அதே அலமாரியில் 35 வெள்ளிக்கு ஒரு மால்பெக் நிற்கிறது. அதற்கும் தீர்வை அதே 9 வெள்ளி 24 காசுதான். இரண்டு வரிகளும் போக மிஞ்சுவது ஏறத்தாழ 22 வெள்ளி 87 காசு. விலை ஒன்றே முக்கால் மடங்குதான் ஏறியிருக்கிறது. ஒயினுக்கும் அதைச் செய்தவர்களுக்கும் விற்பவர்களுக்கும் போய்ச் சேரும் தொகையோ இரண்டரை மடங்கு. தீர்வை விலையோடு சேர்ந்து ஏறாத நாட்டில், ஆக மலிவான ஒயின்தான் ஆக நஷ்டமான ஒயின். நான் ஒயின் கடையில் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொன்னால் விற்பனைப் பேச்சு என்று சிரிப்பார்கள். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், கணக்கு மாறாது.

அப்படியானால் 100 வெள்ளிக்குப் போனால் இன்னும் லாபமா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். இல்லை. மேலே போகப் போக நீங்கள் கொடுக்கும் காசு சுவைக்குப் போவது குறைந்து, பெயருக்கும் அரிதாகக் கிடைப்பதற்கும் போகத் தொடங்குகிறது. மால்பெக்கைப் பொறுத்தவரை 30 வெள்ளிக்கு மேல் 40 வெள்ளிக்குள் கிடைக்கிற தரம், அதே விலையில் பிரான்ஸின் போர்டோவிலோ அமெரிக்காவின் நாப்பாவிலோ கிடைப்பது கடினம். இதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டால் எந்தப் போத்தலை எடுப்பது என்பதும் தானாகத் தெரிந்துவிடும். ஆகவே கொஞ்சம் வரலாறு.

மால்பெக் அர்ஜென்டினாவின் சொந்தப் பிள்ளை அல்ல. தென்மேற்குப் பிரான்ஸில் லோட் ஆற்றங்கரையில் காஓர் என்று ஓர் ஊர். அந்தப் பக்கத்துத் திராட்சை இது. அங்கே இதற்குக் கோட் என்றும் பெயர் உண்டு. மரபணுச் சோதனையில் இதன் தாய் 'மக்தலேன் நுவார் தெ ஷராந்த்' என்ற பழைய வகை என்று தெரிந்தது. மெர்லோ திராட்சைக்கும் அதுதான் தாய். ஆக மால்பெக்கும் மெர்லோவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், தகப்பன் வேறு. போர்டோவிலும் மால்பெக் நிறைய இருந்தது. ஆனால் அந்த ஈரக் குளிருக்கு இது ஒத்துவரவில்லை. பூக்கும் பருவத்தில் மழை பெய்தால் பூ உதிர்ந்துபோகும், பிஞ்சு பிடிக்காது. தப்பிப் பிடித்தால் அழுகல் வரும். 1956 பிப்ரவரியில் வந்த கடும் உறைபனியில் கொடிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. போர்டோக்காரர்கள் பெரும்பாலும் வேறு வகைகளை நட்டுக்கொண்டார்கள். காஓர்க்காரர்கள் மட்டும் பிடிவாதமாக மால்பெக்கையே திரும்ப நட்டார்கள்.

அதற்கு நூறு வருஷம் முன்பே அது கடல் தாண்டிவிட்டது. அர்ஜென்டினாவில், ஆண்டீஸ் மலையடிவாரத்தில் மென்டோசா மாநிலம். பிரான்ஸிலிருந்து நல்ல கொடிகளைக் கொண்டுவந்து நடவேண்டும், அதற்கு ஒரு வேளாண் பள்ளி வேண்டும் என்று அழுத்தியவர் தொமிங்கோ ஃபௌஸ்தீனோ சார்மியெந்தோ; பிற்காலத்தில் நாட்டின் அதிபரானார். மிஷேல் பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் சிலி நாட்டிலிருந்து மலையைக் கடந்து வந்து கொடிகளை நட்டார். அந்தப் பள்ளிக்கான திட்டம் மென்டோசா சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நாள் 1853 ஏப்ரல் 17. இன்றைக்கு ஏப்ரல் 17ஐ உலக மால்பெக் தினம் என்று கொண்டாடுகிறார்கள். அன்று சில கடைகளில் தள்ளுபடி போடுவார்கள், நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

1885ல் புவனோஸ் ஐரிஸிலிருந்து மென்டோசாவுக்கு ரயில் வந்தது. இத்தாலியர்களும் ஸ்பானியர்களும் வந்து குவிந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒயின் வேண்டும். தரமெல்லாம் யாரும் கேட்கவில்லை, அளவுதான் முக்கியம். 1970களின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவில் தலைக்கு ஆண்டொன்றுக்கு 90 லிட்டர் அளவுக்குக் குடித்தார்கள். பிறகு அந்தப் பழக்கம் சரிந்தது. இன்றைக்கு 20 லிட்டருக்கும் கீழே. வாங்க ஆளில்லை என்றதும் கொடிகளைப் பிடுங்கினார்கள். ஒருகாலத்தில் 50,000 ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்த மால்பெக், 1990களின் தொடக்கத்தில் 10,000 ஹெக்டேரை ஒட்டி வந்து நின்றது. இன்று உலகமே விரும்பிக் கேட்கிற திராட்சையை, அதன் சொந்தக்காரர்களே கோடரியால் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. இப்போது மறுபடியும் 40,000 ஹெக்டேருக்கு மேல் நட்டாகிவிட்டது.

நடுவில் நடந்தது இரண்டு விஷயம். ஒன்று, நிக்கோலாஸ் கத்தேனா. இத்தாலியிலிருந்து வந்து 1902ல் தோட்டம் போட்ட குடும்பத்தின் பேரன், பொருளாதாரம் படித்தவர். 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். பக்கத்தில் நாப்பா. அங்கே அமெரிக்கர்கள் பிரெஞ்சுக்காரர்களோடு போட்டி போட்டு ஒயின் செய்வதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். நம்மால் முடியாதா என்ற கேள்வியோடு மலைமேல் ஏறினார். 1992ல் குவால்தயாரி என்ற இடத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,450 மீட்டர் உயரத்தில் ஒரு தோட்டம் போட்டு மகள் அட்ரியானாவின் பெயரை வைத்தார். அவ்வளவு குளிரில் பழம் பழுக்காது என்பதுதான் அப்போது பலருடைய கணிப்பு. பழுத்தது.

இரண்டாவது, அர்ஜென்டினாவின் நாணயமான பெசோ. 1991லிருந்து ஒரு பெசோவுக்கு ஒரு அமெரிக்க டாலர் என்று கட்டிப்போட்டிருந்தார்கள். 2002 ஜனவரியில் அந்தக் கட்டு அறுந்தது. அந்த ஆண்டுக்குள்ளேயே ஒரு டாலருக்கு மூன்று பெசோவுக்கு மேல் என்றானது. அங்கே மக்கள் சேமிப்பை இழந்து தெருவுக்கு வந்தார்கள். அதே நேரத்தில் அவர்களுடைய ஒயின் வெளிநாட்டுக்காரனுக்குத் திடீரென்று மூன்றில் ஒரு பங்கு விலையாகிவிட்டது. நல்ல தோட்டங்களும் புதிய தொழில்நுட்பமும் அப்போதுதான் கைகூடியிருந்தன. உலகம் மால்பெக்கைக் கண்டுபிடித்தது என்கிறோமே, அதில் பாதி இந்தக் கதைதான். அந்த மலிவு ஒரு நாட்டின் கஷ்டத்திலிருந்து வந்தது என்பதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. இப்போது அந்த மலிவும் பழையபடி இல்லை. 2023ல் அர்ஜென்டினாவில் விலைவாசி ஏற்றம் 200 சதவீதத்தைத் தாண்டியது. கூலி, கண்ணாடி, டீசல் எல்லாம் ஏறினால் அடித்தட்டு ஒயினைச் செய்பவர் எங்கே கைவைப்பார்? பழத்தில்தான்.

சரி, மண்ணுக்கும் மலைக்கும் வருவோம். இன்றைய பேச்சின் சாரம் இங்கேதான் இருக்கிறது.

மென்டோசா ஒரு பாலைவனம். ஆண்டுக்கு மழை 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான். நம் சிங்கப்பூரில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பசிபிக் கடலிலிருந்து வருகிற மேகத்தை ஆண்டீஸ் மலை மறித்துச் சிலிப் பக்கத்திலேயே கறந்துவிடுகிறது. மென்டோசாவுக்கு மிச்சம் வருவது பெரும்பாலும் மலைமேல் விழுந்த பனிதான். அது கோடையில் உருகி ஆறாக இறங்குகிறது. அதை வாய்க்கால் வெட்டித் திருப்பும் வித்தையை ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே உவார்ப்பே பழங்குடிகள் அறிந்திருந்தார்கள். இன்றும் மென்டோசா நகரத் தெருவோரத்து மரங்களுக்குக்கூடத் தண்ணீர் அந்த மாதிரி வாய்க்காலில்தான் ஓடுகிறது. மழை இல்லாததால் பூஞ்சை நோய் குறைவு, மருந்தடிப்பு குறைவு. பூ உதிராது. பிரான்ஸில் மால்பெக்கைப் படுத்திய வியாதிகள் இங்கே கிட்ட வருவதில்லை. பயப்பட வேண்டியது ஆலங்கட்டி மழைக்கும் பருவம் தப்பி வரும் உறைபனிக்கும்தான். ஆலங்கட்டிக்காகக் கொடி வரிசைகள்மேல் வலை கட்டிவைத்திருப்பார்கள்.

இந்தப் பாலைவனத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் வித்தியாசம். நகரத்துக்குக் கிழக்கே சமவெளி. தாழ்வு, வெயில், விளைச்சல் அமோகம். லாரி லாரியாகப் பழம் வருகிற இடம் அது. நகரத்துக்குத் தெற்கே லுஹான் தெ குயோவும் மைப்பூவும். சுமார் 900 முதல் 1,100 மீட்டர். பழைய குடும்பங்களின் பழைய கொடிகள் அங்கே நிற்கின்றன. இன்னும் தெற்கே, மலையை ஒட்டி ஊகோ பள்ளத்தாக்கு. 1,000 மீட்டரில் தொடங்கி 1,500 வரை ஏறுகிறது. துபுங்காத்தோ, துனுயான், சான் கார்லோஸ் என்று மூன்று வட்டாரம். சொட்டுநீர்ப் பாசனம் வந்த பிறகுதான் அந்தச் சரிவுகளில் கொடி நடவே முடிந்தது. வாய்க்கால் தண்ணீர் மேட்டில் ஏறாது அல்லவா?

நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் போர்வை இல்லாமல் தூங்க முடியாது. பகல் வெயிலில் சர்க்கரை ஏறும். இரவுக் குளிரில் பழத்தின் புளிப்பு கரைந்து போகாமல் நிற்கும். உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம். அதற்கு எதிராகப் பழத்தோல் தடிக்கிறது. நிறமும் வாசனையும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. வடக்கே சால்டா மாநிலத்தில் கொலோமே என்ற நிறுவனம் 3,111 மீட்டரில்கூடக் கொடி வளர்க்கிறது. அது நம் விலைக்கு வராது, விட்டுவிடுவோம்.

நாக்கில் இது எப்படித் தெரியும்? இரண்டு மால்பெக்கை அருகருகே ஊற்றுங்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும். வெள்ளைக் காகிதத்துக்கு மேல் சாய்த்துப் பிடியுங்கள். நடுவில் கறுப்புக்கு நெருக்கமான ஊதா, விளிம்பில் கத்தரிப்பூ ஊதா. நாவல்பழம் தின்ற குழந்தை நாக்கை நீட்டினால் தெரிகிற அதே நிறம். விளிம்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தால் ஒயினுக்கு வயதாகிவிட்டது, அல்லது வெயிலில் கிடந்திருக்கிறது. பிறகு முகருங்கள். பிளம், கறுப்பு பெர்ரி, சில சமயம் பூவாசனை. சமவெளி ஒயினில் வாசனை ஜாம் டப்பாவைத் திறந்தது மாதிரி தடிப்பாக இருக்கும். வாயில் வைத்ததும் இனிப்பு போல ஒன்று முன்னால் வந்து நிற்கும். சிலவற்றில் லிட்டருக்குச் சில கிராம் சர்க்கரையை வேண்டுமென்றே மிச்சம் விட்டிருப்பார்கள். விழுங்கியதும் தொண்டையில் சூடு மட்டும் தங்கும், வேறொன்றும் தங்காது. மலை ஒயினில் பழத்துக்குப் பின்னால் லேசான புளிப்பு எழுந்து நாக்கின் இருபுறமும் எச்சில் ஊறவைக்கும். துவர்ப்பு ஈறில் மெதுவாகப் படியும். விழுங்கிய பிறகும் வாசனை கொஞ்ச நேரம் நிற்கும். அடுத்த வாய் குடிக்கத் தோன்றுகிறதா, போதும் என்று தோன்றுகிறதா? அவ்வளவுதான் பரீட்சை. பெரிய பெரிய விமர்சகர்களும் கடைசியில் இதைத்தான் செய்கிறார்கள், வார்த்தைதான் கூடுதல்.

இப்போது போத்தல் சீட்டைப் படிப்போம். முன்பக்கம் 'மென்டோசா' என்று மட்டும் போட்டிருந்தால், அந்த மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் பழம் வந்திருக்கலாம். அதில் நல்லதும் உண்டு, ஆனால் அது செய்தவரின் நாணயத்தைப் பொறுத்தது. 'லுஹான் தெ குயோ', 'ஊகோ பள்ளத்தாக்கு' என்று இடம் குறுகினால் நல்ல அடையாளம். 'குவால்தயாரி', 'பராஹே அல்தமீரா' என்று ஊர்ப்பெயரே இருந்தால் இன்னும் நல்லது. அல்தமீராவுக்குப் புவிசார் அடையாளம் கிடைத்தது 2013ல்தான், அதனால் பழைய ஒயின் புத்தகங்களில் அதைத் தேடாதீர்கள். 30 வெள்ளியை ஒட்டிய விலையில் இடப்பெயர் குறுகிய போத்தல் கிடைத்தால், நான் இரண்டாவது யோசனை செய்வதில்லை.

'ரிசர்வா', 'கிரான் ரிசர்வா' என்ற சொற்கள் பலரை மயக்கும். அர்ஜென்டினாவில் இதற்குச் சட்டம் உண்டு. சிவப்பு ஒயினுக்கு ரிசர்வா என்றால் குறைந்தது 12 மாதம், கிரான் ரிசர்வா என்றால் 24 மாதம் முதிரவிட வேண்டும். எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதைத்தான் அது சொல்லும். உள்ளே போன பழம் எப்படிப்பட்டது என்று சொல்லாது. மூடியைப் பற்றியும் கவலை வேண்டாம். திருகுமூடி மட்டமான ஒயினுக்கு அடையாளம் என்பது பழைய பேச்சு.

ஆண்டு? மழை குறைந்த ஊர் என்பதால் பிரான்ஸ் போல ஆண்டுக்கு ஆண்டு பெரிய ஏற்றத்தாழ்வு இருக்காது. 2016 போலக் குளிரும் ஈரமுமாக ஒரு வருஷம் எப்போதாவது வரும். 2022 கடைசியில் அடித்த உறைபனியால் 2023 அறுவடை மிகவும் சுருங்கியது. நம் விலையில் இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இளசாக வாங்குங்கள். அறுவடை முடிந்து இரண்டு மூன்று ஆண்டுக்குள் இருப்பது போதும். ஐந்தாறு வருஷத்துப் பழைய மலிவு மால்பெக் தள்ளுபடியில் வந்தால், அது ஏன் இத்தனை நாள் விற்கவில்லை என்று கேளுங்கள்.

அடுத்தது மரம். ஓக் மரப்பீப்பாயில் வைத்தால் வெனிலா, காப்பி, புகை வாசனை ஏறும். பலருக்கு அது பிடிக்கும், எனக்கும் ஓரளவு பிடிக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். வழக்கமான பீப்பாய் 225 லிட்டர். அதாவது 300 போத்தல். புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஆயிரம் யூரோவை ஒட்டி விலை. போத்தலுக்கு மூன்று யூரோவுக்கு மேல் மரத்துக்கே போகிறது. நம் காசில் கிட்டத்தட்ட 5 வெள்ளி. 20 வெள்ளிப் போத்தலில் வரி போக மிஞ்சியதே 9 வெள்ளிதான் என்று பார்த்தோம். அதில் புதிய பீப்பாய் இருக்கவே முடியாது. அப்படியும் அந்த ஒயினில் வெனிலா தூக்கலாக அடிக்கிறது என்றால், தொட்டியில் ஓக் மரச்சீவலையோ பலகையையோ ஊறப்போட்டிருக்கிறார்கள். அது சட்டவிரோதம் இல்லை, உடம்புக்குக் கெடுதலும் இல்லை. பழம் சுமார் என்றால் அதை மறைக்க வசதியான வழி, அவ்வளவுதான். ஆகவே குறைந்த விலையில் வாங்கும்போது மரவாசனை இல்லாத, அல்லது பழைய பீப்பாயில் கொஞ்ச காலம் மட்டும் வைத்த மால்பெக்கைத் தேடுவது புத்திசாலித்தனம். பழம் நன்றாக இருந்தால்தான் அலங்காரம் இல்லாமல் வெளியே அனுப்பத் துணிவார்கள். சுக்கார்டி என்ற ஒயின் குடும்பத்தார் அல்தமீராவில் சிமெண்ட் தொட்டிகளிலேயே செய்கிற ஒயினுக்குக் 'கான்க்ரீட்டோ' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது நம் விலைக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் ஓக் இல்லாத மால்பெக் எப்படி இருக்கும் என்று ஒருமுறை தெரிந்துகொள்ள நண்பர்கள் சேர்ந்து வாங்கலாம்.

இன்னொரு மோசடி, மோசடி என்றுகூடச் சொல்லக்கூடாது, ஜோடனை: கனமான போத்தல். மால்பெக்கில் இது ஒரு வியாதி. வெறும் கண்ணாடியே 900 கிராம் எடையில் போத்தல் செய்கிறார்கள். கையில் தூக்கினால் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று தோன்றும். கண்ணாடிக்கும் அதைச் சுமந்த கப்பலுக்கும் காசு நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். 400 கிராம் போத்தலிலும் அதே ஒயினை ஊற்றலாம். போத்தலில் ஒட்டியிருக்கும் பதக்கப் படங்களையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

எந்த நிறுவனம் என்று கேட்பீர்கள். கடைக்குக் கடை சரக்கு மாறும், ஆகவே பட்டியல் தரப்போவதில்லை. ஒரு வழி சொல்கிறேன். பெரிய நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஏணி மாதிரிப் படிகள் உண்டு. கத்தேனா குடும்பத்தில் அடிப்படி 'ஆலமோஸ்', அதற்கு மேலே வெறும் 'கத்தேனா' என்ற பெயரில் வருவது. சுக்கார்டியில் அடிப்படி 'சாந்தா ஹூலியா', மேலே 'சீரீ ஆ', அதற்கும் மேலே 'க்யூ'. 1883ல் தொடங்கிய திராப்பிச்சே, 1895ல் ஓர் ஆங்கில ரயில்வே பொறியாளர் தொடங்கிய நார்ட்டன் எல்லாவற்றிலும் இதே கதை. நீங்கள் எடுக்க வேண்டியது இரண்டாம் படி. முதல் படி விளம்பரத்துக்கும் பேரங்காடிக்கும் என்று பெருமளவில் செய்வது. இரண்டாம் படியில் அந்த நிறுவனத்தின் சொந்தத் தோட்டப் பழம் உள்ளே வரத் தொடங்குகிறது. பெரும்பாலும் 30 வெள்ளியை ஒட்டி நிற்பதும் அதுதான்.

சின்ன நிறுவனங்களில் சுசானா பால்போவின் பெயரைக் கண்டால் தயங்காதீர்கள். அர்ஜென்டினாவில் ஒயின் தயாரிப்புப் படிப்பில் பட்டம் பெற்ற முதல் பெண் அவர், 1981ல். 'க்ரியோஸ்' என்பது அவருடைய மலிவு வரிசை, மலிவு வரிசையிலும் கவனம் தெரியும். இத்தாலிய நண்பர்கள் 1995ல் தொடங்கிய 'ஆல்டோஸ் லாஸ் ஓர்மிகாஸ்' மால்பெக்கையே பிரதானமாக எடுத்துச் செய்கிறது. பெயரில் உள்ள ஓர்மிகாஸ் எறும்புகள். நட்ட இளங்கொடிகளைத் தின்று தீர்த்த எறும்புக் கூட்டத்தின் நினைவாக வைத்த பெயர்.

காஓரை மறந்துவிடக் கூடாது. தாய்வீட்டு மால்பெக் வேறு குணம். சட்டப்படி காஓர் சிவப்பு ஒயினில் குறைந்தது 70 சதவீதம் மால்பெக் இருக்க வேண்டும். மிச்சத்துக்கு மெர்லோ அல்லது தன்னா. நிறத்துக்காக ஒருகாலத்தில் கறுப்பு ஒயின் என்றே அழைத்தார்கள். அர்ஜென்டினா மால்பெக் குடித்துப் பழகிய வாய்க்கு இது முரடாகத் தெரியும். பழம் பின்னால் நிற்கும், துவர்ப்பு முன்னால் வரும். இளசாக வாங்காதீர்கள், நான்கைந்து வருஷம் ஆனது நல்லது. ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். பிரெஞ்சு ஒயினில் காஓருக்கு நாகரிக மவுசு இல்லாததால் விலை நியாயமாக இருக்கிறது. கடையில் தூசி படிந்து கிடக்கும். சீட்டில் மால்பெக் என்று பெரிதாக எழுதியிருக்காத போத்தல்களும் உண்டு. ஆட்டுக்கறியோடு குடித்தால்தான் அதன் அருமை தெரியும்.

கறி என்றதும் சாப்பாட்டுக்கு வந்துவிட்டோம். அர்ஜென்டினாக்காரர்கள் மாட்டிறைச்சியை உப்பு மட்டும் போட்டுக் கரியில் நிதானமாகச் சுட்டு மால்பெக்கோடு சாப்பிடுகிறார்கள். கொழுப்பும் உப்பும் துவர்ப்பை அடக்கும். நம் சாப்பாட்டில் சிக்கல் மிளகாய். 14 சதவீத ஆல்கஹாலோடு மிளகாய்க் காரம் சேர்ந்தால் வாய் பற்றி எரியும், பழச்சுவை காணாமல் போகும். மிளகுக் காரத்தோடு அந்தச் சண்டை இல்லை. வெங்காயம் நன்றாக வதக்கி, மிளகும் சோம்பும் தூக்கலாகப் போட்டுச் சுருள வறுத்த ஆட்டுக்கறி, தேக்கா சந்தையில் வாங்கிய விலா எலும்போடு, மால்பெக்குக்குப் பொருந்துவது போல வேறெதுவும் பொருந்தாது என்பது என் கட்சி. சாத்தே பரவாயில்லை, அந்தக் கடலைச் சாற்றைக் குறைத்துக்கொண்டால். மீன்தலைக் கறிக்கு வேண்டாம். புளிக்குழம்பு முன்னால் சிவப்பு ஒயின் சப்பென்று ஆகிவிடும். அதற்கு பீரோ மோரோ இருக்கிறது.

பரிமாறும் சூடு பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த அறை ஐரோப்பாவில் கணப்பு இல்லாத கல் வீட்டு அறை. இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக் கூடத்தில் 30 டிகிரி. அந்தச் சூட்டில் எந்த மால்பெக்கும் இருமல் மருந்துதான். 16 முதல் 18 டிகிரி வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் நன்றாகக் குளிரவைத்து எடுங்கள். ஊற்றி வைத்தால் தானாகச் சூடேறிச் சரியான இடத்துக்கு வரும். உணவகத்திலும் தயங்காமல் பனிக்கட்டி வாளி கேளுங்கள். பரிமாறுபவர் ஒரு மாதிரிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். கிளாஸ் விஷயத்தில் தனித்தனி வடிவம் என்றெல்லாம் செலவழிக்க வேண்டாம். வாய் குறுகி வயிறு அகன்ற கிளாஸ் எதுவும் ஆகும்.

சாங்கி விமான நிலையத்தில் வாங்கலாமா என்று ஓர் அக்கா சீட்டு அனுப்பியிருக்கிறார். வாங்கலாம். 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு, மலேசியாவைத் தவிர வேறு நாட்டிலிருந்து வந்தால், வேறு மதுவகை எதுவும் எடுக்காத பட்சத்தில் 2 லிட்டர் ஒயினுக்குத் தீர்வை இல்லை. இரண்டு போத்தலில் 18 வெள்ளிக்கு மேல் மிச்சம். ஆனால் விமான நிலையக் கடையில் விலை ஏற்கெனவே ஏற்றி வைக்கப்பட்டிருக்கலாம். ஊர்க்கடை விலையைத் தெரிந்துகொண்டு போங்கள்.

வாங்கி அடுக்கி வைத்தால் தரம் கூடுமா என்பது இன்னொரு கேள்வி. இந்த விலை மால்பெக் வைத்துக் குடிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. நம் வீட்டு வெப்பத்தில் சமையலறை அலமாரியில் ஆறு மாதம் நின்றால் பழம் செத்துவிடும். தள்ளுபடி என்று பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள். இந்த மாதம் குடிப்பதை இந்த மாதம் வாங்குங்கள். திறந்து மிஞ்சியதை அதே மூடியால் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். நான்காம் நாள் ஆட்டுக்கறியில் ஊற்றிச் சுண்ட விடுங்கள்.

வேறு கேள்வி இருந்தால் சீட்டை முன்வரிசைக்கு அனுப்புங்கள்.